எங்கள் ஊரைக் கீழே இறக்கிய மாப்பிள்ளை

ஜூன் மாதம் பிறந்தால் நான் என் மீன் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். பிளீச்சிங் பவுடர், சோப்பு, வினிகர் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் ஹாடக் மீன் வாடை முழுசாகப் போகாது. அந்த வண்டியில்தான் என் தங்கை ஜனீனின் சோபாவும் கட்டிலும் துணி மூட்டைகளும் ஊர் ஊராகப் போயின. அவள் புருஷன் ரஸ்ஸல் ஹோல்ராய்டுக்குக் கால்பந்துதான் பிழைப்பு. கோடை வந்தால் ஒரு கிளப் அவனை அனுப்பிவிடும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும். லங்காஷயரில் ஒரு வீட்டில் போய் இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரி சோபாவை மோந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவரா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. அவரு ஓடிட்டே இருக்கறவரு" என்றாள் ஜனீன். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

ரஸ்ஸை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்க மாட்டீர்கள். லீக்கின் நான்கு பிரிவுகளில் கீழே இருக்கும் இரண்டிலேயே அவன் காலம் கழிந்தது. அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததே வாடகைக்குத்தான். எங்கள் ஊர் ஸ்கெல்பியில் அப்பாவுக்குத் துறைமுக ஐஸ் ஃபேக்டரியில் வேலை. அம்மா போன பிறகு மாடி அறை சும்மா கிடக்கிறதே என்று, ஸ்கெல்பி டவுன் கிளப் வெளியூரிலிருந்து கூட்டிவரும் பையன்களுக்கு அதை விட்டார். ரஸ்ஸுக்கு அப்போது இருபது வயது முடியவில்லை. யார்க்ஷயரில் ஒரு பெரிய கிளப்பில் சின்ன வயதிலிருந்தே வளர்ந்து, உயரம் போதாது என்று வெளியே வந்தவன். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் எல்லோருடைய தட்டும் கிடுகிடுவென்று ஆடியது.

"தம்பி, மேஜைக்கு அடியில உன் காலு என்ன பண்ணுது?" என்றார் அப்பா.

"தெரியல சார். அதுவா ஆடுது."

"அத சனிக்கிழமைக்கு வெச்சுக்கோ. கிரேவி சிந்துது பாரு."

ஜனீன் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அவ்வளவுதான் அவர்கள் காதல் தொடங்கிய கதை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

அவன் நடுக்களத்தில் ஆடுபவன். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவான். பக்கத்தில் நிற்கும் தன் ஆளிடம் தள்ளிவிடுவான். மறுபடி ஓடுவான். மழையில், சேற்றில், ஐஸ் கட்டிய தரையில், எங்கே விட்டாலும் அதேதான். ஆடும்போது கண்ணில் படமாட்டான். அவன் ஆடாத நாளில்தான் நடுவில் பெரிய குழி தோண்டிப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஆடாத ஆளுக்கு யார் கை தட்டுவார்கள்?

இரண்டு ஆட்டப் பருவம் ஸ்கெல்பியில் ஆடினான். இரண்டாவது மே மாதம் மேனேஜர் அவனை அறைக்குள்கூடக் கூப்பிடவில்லை. நடைவழியில் நிறுத்தி, தோளில் கை போட்டு, "உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா உன்ன மாதிரி ஆளு எங்கிட்ட இன்னும் மூணு பேர் இருக்காங்க" என்றாராம். திட்டி அனுப்பியிருந்தால் ரஸ் மறந்திருப்பான். அந்த 'உன்ன மாதிரி ஆளு' மட்டும் அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. குடித்தால் அதைச் சொல்வான். குடிக்காமலும் சொல்வான்.

அந்தக் கோடையிலேயே ஜனீன் அவனைக் கட்டிக்கொண்டாள். "ஆட்டக்காரன் ஒரு எடத்துல தங்கமாட்டான் கண்ணு" என்றார் அப்பா. "தெரிஞ்சுதான்ப்பா கட்டிக்கறேன்" என்றாள் அவள். முடி வெட்டும் தொழில் கற்றிருந்தாள். கத்தரிக்கோல் இருந்தால் எந்த ஊரிலும் பிழைக்கலாம் என்று நினைத்தாள். அப்போது அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு ஊர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பஞ்சாலை ஊர், தெற்கே விடுமுறைக் கடற்கரை ஒன்று, வேல்ஸ் எல்லையோரம் ஒன்று, மறுபடி மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு குளிர்காலம், கிளப் அவனை வேறொரு கிளப்புக்குக் கடனாக அனுப்பியது. கடனாகப் போன இடத்தில் ஆள் பெயர் தெரியாமல் அவனை 'ரோலண்டு' என்று கூப்பிட்டார்கள். அவனும் திருத்தவில்லை. "ரெண்டு மாசத்துக்கு எதுக்கு மச்சான் பேரு?" என்றான் என்னிடம். மகள் பெத் பிறந்ததும் ஒரு வாடகை வீட்டில்தான். சுவரில் ஆணி அடிக்க ஜனீன் விடமாட்டாள். அடித்தால் போகும்போது பூசிக் கொடுக்க வேண்டும்.

கோடைதான் அவனுக்கு நரகம். மே மாதம் ஒப்பந்தம் முடியும். ஆகஸ்டுக்குள் வேறு இடம் பிடிக்க வேண்டும். ஃபோன் அடிக்குமா என்று அதன் பக்கத்திலேயே நடந்துகொண்டிருப்பான். கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம். ஃபோன் அடித்தால் யாராவது ஜனீனிடம் முடியைச் சுருட்டி பெர்ம் பண்ண நேரம் கேட்பார்கள். ஒரு படம் முழுசாகப் பார்த்ததில்லை. உணவகத்தில் உட்கார்ந்தால் சாப்பாடு வருவதற்குள் எழுந்து காரில் எண்ணெய் பார்க்கப் போய்விடுவான்.

இதெல்லாம் கிளப்புகள் செய்த வேலை, பாவம் இவன் என்ன செய்வான் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லாங்மூர் கிளப்புக்குப் போன பிறகுதான் வேறு மாதிரி தெரிந்தது.

லாங்மூரில் அவன் நன்றாக ஆடினான். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரன் என்று ரசிகர்கள் அவனுக்குக் கோப்பை கொடுத்தார்கள். மூன்று வருட ஒப்பந்தம் நீட்டினார் மேனேஜர். அவனுக்கு வாழ்நாளில் கிடைத்த நீளமான ஒப்பந்தம் அதுதான். கையெழுத்தும் போட்டான். ஜனீன் திரைச்சீலை தைத்தாள். பெத்தைப் பள்ளியில் சேர்த்தாள். இலை உதிர ஆரம்பித்த உடனே ரஸ் தன்னை வேறு கிளப்புக்கு விடச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றான்.

நான் வண்டியோடு போனபோது ஜனீன் பெட்டிகளை என் காலடியில் டொம் டொம் என்று போட்டாள். மலைச் சாலையில் அடுத்த ஊருக்குப் போகும்போது ரஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ள, மூணு வருஷம் குடுத்தானுங்கல்ல? கம்முனு உக்கார வேண்டியதுதான?" என்றேன்.

"உக்காந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும் மச்சான். மொத வருஷம் கை தட்டுவானுங்க. ரெண்டாவது வருஷம் கொட்டாவி விடுவானுங்க. மூணாவது வருஷம் என்ன மாதிரியே சின்னப் பையன் ஒருத்தன் வருவான். மேனேஜரு என் தோள்ல கை போடுவாரு. அதுக்கு முன்னாடி நானே கெளம்பிட்டா நல்லதில்ல?"

"அவுங்க துரத்தறதுக்கு முன்னாடி நீயே ஓடிடுவியா?"

"கண்ணாடி ஏன் முழுசா ஏற மாட்டேங்குது?" என்றான் அவன்.

அடுத்த ஊரில் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாள் ஜனீன். பிறகு ஒருநாள் அவளே ஃபோன் செய்து, "அண்ணா, வண்டியக் கொண்டா. இந்தத் தடவ ஸ்கெல்பிக்கு" என்றாள். அப்பா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு பார்த்துவிட்டாள். ரஸ்ஸிடம் அவள் சொன்னது இதுதான்: "நீ எந்த ஊர்ல வேணா ஆடு. உன் பூட்ஸ் எங்க வேணா போகட்டும். நானும் பெத்தும் இனி அசைய மாட்டோம்."

அவன் ஒத்துக்கொண்டான். அந்த வருடம் மலைக்கு அந்தப் பக்கம் டன்மூர் அத்லெட்டிக் அவனை எடுத்தது. விடியும் முன்பே காரில் கிளம்பிப் பயிற்சிக்குப் போவான், சாயங்காலம் திரும்புவான். அந்த நெடுஞ்சாலை ஓட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். ஓட்டிக்கொண்டிருந்தவரை அவன் நிம்மதியாக இருந்தான்.

அந்தப் பருவம் எங்கள் ஸ்கெல்பி டவுன் தோற்றுத் தோற்று நான்காம் பிரிவின் அடிக்குப் போனது. கடைசி இடத்தில் முடிக்கிற அணி லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். வெளியே போனால் பகலில் லாரி ஓட்டி, கொத்து வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடும் ஆட்கள்தான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஸ்கெல்பி லீக்கில் இருந்தது. கடைசிச் சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், ஒரு டிரா போதும். டிரா செய்தால் தப்பிவிடுவோம்.

எதிரணி டன்மூர்.

டன்மூருக்கு அந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுக்க ஊரில் ரஸ்ஸை யார் பார்த்தாலும் அதே பேச்சுதான். பள்ளி வாசலில் ஒரு டீச்சரம்மா, "உங்களுக்கு மொகம் வெளுத்திருக்கே, சளி பிடிச்சிருக்கா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். பேக்கரியில், "ஹோல்ராய்டு, முதுகு வலிக்குதுல்ல? வலிக்கும், வலிக்கும்" என்றார்கள். மீன் கடை ஹார்கிரீவ்ஸ் அவனுக்குப் பெரிய துண்டாகப் பொரித்துக் கொடுத்து, "கெட்டுப்போன மீனுன்னு நெனச்சுக்க. சனிக்கிழம எழுந்திருக்கவே முடியாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

டன்மூர் மேனேஜரே அவனிடம் கேட்டாராம்: "உன் பொண்டாட்டி ஊரு. வேணாம்னா உக்காந்துக்கோ, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." இவன் ஆடுகிறேன் என்றிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக் கொல்லையில் அவனைப் பிடித்தேன். ஒரு டென்னிஸ் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தான்.

"தொடையில பிடிப்புன்னு சொல்லிட்டா யாரு வந்து பாக்கப் போறா மாப்ள?"

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு எங்ககூட வந்து நில்லு. அப்பாவுக்கும் சந்தோஷமா இருக்கும்."

"ஆட்டம் நடக்கற நேரத்துல நான் நின்னுட்டிருக்கணுமா? என்னால முடியுமா மச்சான், நீயே சொல்லு." பந்து என் முழங்காலில் பட்டுத் தெறித்தது. "கவலப்படாத. நான் எந்தக் காலத்துல கோல் போட்டேன்?"

அது உண்மைதான். வருடத்துக்கு ஒன்று போட்டால் அதிகம்.

நானும் அப்பாவும் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்றோம். ரஸ் எங்கள் மஞ்சள்-கறுப்பு அணியை எதிர்த்து வெள்ளைச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் பந்தைத் தொட்டால் எங்கள் ஆட்கள் கைதட்டிக் கிண்டல் செய்தார்கள். ஆட்டம் கோல் இல்லாமலே நகர்ந்தது. இடைவேளையில் இறைச்சி வைத்துச் சுட்ட பை பலகாரம் வாங்கப் போனவர்கள் பாதியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் டன்மூருக்கு ஒரு கார்னர். எங்கள் ஆள் தலையால் முட்டி வெளியே தள்ளினான். பந்து உயரப் போய், பெனால்டி கட்டத்துக்கு வெளியே ரஸ் நின்ற இடத்தில் சரியாக விழுந்தது.

அவன் யோசித்திருந்தால் பக்கத்தில் தள்ளியிருப்பான். யோசிக்கவில்லை. அடித்தான். அந்த அடி கோல் பக்கமே போகவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எங்கள் தடுப்பாட்டக்காரன் காலை நீட்டினான், அவன் தொடையில் பட்டுத் திரும்பி, தப்பான பக்கம் பாய்ந்துவிட்ட எங்கள் கோல்கீப்பரைத் தாண்டி உருண்டு உள்ளே போனது. வலையைத் தொடக்கூட அதற்கு வேகமில்லை.

டன்மூர்க்காரர்கள் அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வழி தவறியவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான்.

மைதானத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் முதலில் கேட்டது எங்கள் அப்பாவின் குரல்தான். ஐஸ் ஃபேக்டரியில் கற்ற எல்லா வார்த்தைகளும் வந்தன. எழுத முடியாது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது எங்களுக்குப் பின்னால் நின்றவன் ஒருத்தன் தொடர்ந்தான்: "வேசி மவன், நம்ம ஊர் சோத்தத் தின்னுட்டு..."

அப்பா திரும்பி அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "யாரடா சொல்ற? அவன் என் மருமவன்! அவன நான் திட்டுவேன். நீ எவன்டா திட்ட?"

நான் பிரித்துவிடுவதற்குள் கடைசி விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் லீக்கை விட்டு வெளியே போனதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவன் டன்மூர் பஸ்ஸில் போகவில்லை. வேறு எங்கே போவான், வீடு நாலு தெருவில் இருக்கும்போது? கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தான். யாரும் தொடவில்லை. யாரும் பேசவும் இல்லை. அதுதான் மோசம் என்றான் பிறகு.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக் கதவின் கடிதத் துவாரத்தின் வழியாக மீன் தலைகள் உள்ளே வந்து விழுந்திருந்தன. ஜனீன் அவற்றைப் பொறுக்கி வாளியில் போட்டு, வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "காட் மீனுக்கு நன்றி! அடுத்த தடவ நடுத்துண்டாப் போடுங்க!"

ரஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "போயிடலாம் ஜனீன். தெற்க எங்கயாவது" என்றான்.

"நீ போ. நான் சொன்னது சொன்னதுதான்."

"பெத்தைப் பள்ளிக்கூடத்துல..."

"பெத் நேத்து ஒருத்தன் மூக்கப் பேத்துட்டு வந்திருக்கா. அவளப் பத்தி நீ கவலப்படாத. உன்னப் பத்திப் படு."

பத்து நாளில் டன்மூரும் அவனை விடுவித்தது. ஆள் குறைக்கிறார்களாம். அந்தக் கோடை ஃபோன் அடிக்கவே இல்லை. முப்பதைத் தாண்டிய கால்களுக்கு யார் வருவார்கள்? காலையில் கடற்கரை மணலில் ஓடுவான். நாயோடு நடக்க வருபவர்கள் அவனைக் கண்டால் வேறு பக்கம் திரும்புவார்கள். ஹார்கிரீவ்ஸ் கடையில் வரிசையில் நின்றால் அவன் முறை வரும்போது மட்டும் எண்ணெய் காயவில்லை என்பான். வீட்டில் இருக்க முடியாமல் எங்கே வேலை கிடைக்கும் என்று அலைந்தான். கடைசியில் அப்பாவே ஐஸ் ஃபேக்டரியில் சொல்லி வைத்தார். ஆனால் அவனிடம் நேராகப் பேசமாட்டார். பக்கத்தில் நிற்கும் என்னிடம்தான் சொல்வார்: "ட்ரெவர், அந்த ஆள் மண்வெட்டியத் தலகீழாப் பிடிச்சிருக்கான்னு சொல்லு." நான் திரும்பி, "மாப்ள, தலகீழா" என்பேன். "மாமா சொன்னது காதுல விழுந்துச்சு" என்பான் அவன்.

ஜூலையில் ஸ்கெல்பிக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் லென் பார்கின். குள்ளமான மனுஷன், கழுத்தே கிடையாது. நான் வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நேராக ஃபேக்டரிக்குள் நடந்து வந்தார். எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள்.

"ஹோல்ராய்டு யாரு?"

ரஸ் கையைத் தூக்கினான்.

"நீதான எங்கள வெளிய தள்ளினது?"

"பட்டுத் திரும்பிடுச்சு தல."

"எதுல பட்டா என்ன, தள்ளினது நீ. இப்ப நீயே வந்து உள்ள கொண்டு வா. திங்கக்கிழமையிலேர்ந்து பயிற்சி. இங்க வேல முடிச்சுட்டு வந்தாப் போதும்."

"உங்களுக்குப் பைத்தியமா? கூட்டம் என்னக் கொன்னுடும்."

"கொன்னா மாத்து ஆளு வெச்சிருக்கேன்" என்றார் பார்கின்.

ரஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "என்ன மாதிரி ஆளு உங்ககிட்ட எத்தன பேர் இருக்காங்க தல?" என்று கேட்டான்.

பார்கின் அவனைப் புரியாமல் பார்த்தார். "உன்ன மாதிரியா? ஊரே வெறுக்கற மிட்ஃபீல்டர் எனக்கு ஒருத்தன் போதும்யா."

எனக்குத் தெரிந்து, ரஸ் ஒரு மேனேஜர் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதல் ஆட்டத்தில் எங்கள் கூட்டமே எங்கள் ஆளைப் பார்த்து ஊளையிட்டது. அவன் மஞ்சள்-கறுப்பில் பந்தைத் தொட்டால் ஒரு ஊளை, தொடாவிட்டால் இன்னொரு ஊளை. "எங்கள எறக்குன ரஸ்ஸு, இப்ப எங்க போற பஸ்ஸு" என்று ஒரு பாட்டு கட்டிவிட்டார்கள். அவன் ஆட்டம் மாறியது எனக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் தெரிந்தது. ஒரு காலத்தில் கண்ணில் படாமல் ஓடினவன், இப்போது எல்லாக் கண்ணும் தன் மேல் இருப்பது தெரிந்து ஓடினான். சறுக்கி விழுந்து பந்தைப் பிடுங்கினான். கத்தினான். தன்னை ஊளையிடும் பக்கமாகவே போய் த்ரோ-இன் எடுத்தான்.

"வலிக்கலயா மாப்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எத்தன ஊர்ல ஆடியிருக்கேன் மச்சான். ஒரு ஊர்லயாவது என் பேரு ஞாபகம் இருக்குமா? இங்க கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

குளிர்காலம் வந்தபோது அதே பாட்டைத்தான் பாடினார்கள். ஆனால் சிரித்துக்கொண்டு பாடினார்கள். பிறகு அவன் வெளியே உட்காரவைக்கப்பட்ட ஒரு நாளில், அவனை ஆட்டத்தில் இறக்கச் சொல்லி அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஹார்கிரீவ்ஸ் கடையில் எண்ணெய் காய ஆரம்பித்தது. அப்பாவும் ஒருநாள் மறந்துபோய் நேராகவே, "அந்த மண்வெட்டிய இப்படிக் குடு" என்றுவிட்டார்.

அந்த வருடம் இரண்டாவது இடம். முதலிடத்துக்கு மட்டும்தான் லீக்கில் வழி. அடுத்த வருடம் தொடக்கத்திலிருந்தே நாங்கள்தான் மேலே. அந்த இரண்டு வருடத்துக்கும் நடுவே, மே மாதம் ஒப்பந்தம் முடிந்தபோது தெற்கே ஒரு கிளப் அவனைக் கேட்டது. அவன் போகவில்லை. ஜனீன் அதை என்னிடம் சொன்னபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

அந்த இரண்டாவது வருடம் பிப்ரவரியில் ஈர மைதானத்தில் ஒரு சாதாரணப் பந்துக்குத் திரும்பினான். யாரும் இடிக்கவில்லை. முழங்கால் மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டது. அவன் போட்ட சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. மருத்துவர் எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, ஆறியதும் ஓடலாம், இனிமேல் ஆட முடியாது என்றார். அன்றைக்கு மைதானத்திலிருந்து ஸ்ட்ரெச்சரில் போகும்போது கூட்டம் எழுந்து நின்று பாடியது. அவன் முகத்தைத் துண்டால் மூடியிருந்தான். நல்லவேளை, என் முகத்தை அவன் பார்க்கவில்லை; எனக்கும் ஒரு துண்டு தேவைப்பட்டது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. ஜெயித்தால் லீக். கிளப் ரஸ்ஸுக்குப் கிளப்பின் பெரிய மனிதர்கள் உட்காரும் வரிசையில் இருக்கை போட்டு வைத்திருந்தது. ஊன்றுகோலோடு அங்கே வந்தான், உட்கார்ந்தான், ஆட்டம் தொடங்கியதும் எழுந்தான். நாங்கள் நிற்கும் பக்கம் வந்து, "மச்சான், என்னால முடியல. கால் பரபரங்குது, ஓடவும் முடியாது. நான் வெளிய போறேன்" என்றான். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

நான் அசையவில்லை. இந்த நாளுக்காகத்தான் இரண்டு வருடம் சேற்று மைதானங்களுக்கெல்லாம் போனேன். அப்பா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போய் அவன் கூட இருடா."

"அப்பா, இன்னிக்கு..."

"நான் பாத்துச் சொல்றேன். போ."

அப்படித்தான் என் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை நான் மீன் வண்டியில், ரேடியோவில் கேட்டேன். ஊருக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே கடலோரச் சாலையில் போவதும் வருவதுமாக ஓட்டினேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பின்னால் போனால் ரேடியோ கரகரவென்று செத்துவிடும். "திருப்பு, திருப்பு" என்று கத்துவான். திருப்பினால், "நிக்காத, ஓட்டு" என்பான். ஸ்கெல்பி ஒரு கோல் போட்டது. அவன் டாஷ்போர்டைக் குத்தினான். எதிரணி சமன் செய்தது. ஊன்றுகோலைத் தூக்கினான். எங்கே எறிவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பையன் பின்னால வரணும். வரமாட்டான். நான் இருந்தா அவன இழுத்து விட்டிருப்பேன். என்னா பண்றான் பாரு" என்று வர்ணனையாளர் சொல்லாததையெல்லாம் அவன் பார்த்தான்.

இரண்டாவது கோல் கடைசி நிமிடத்தில், நாங்கள் ஆலைக்குப் பின்னால் இருக்கும்போது விழுந்தது. எங்களுக்குத் தெரியாது. திரும்பி வெளியே வந்தபோது ரேடியோவில் ஒரே இரைச்சல். யார் கத்துகிறார்கள் என்று புரியவில்லை. வர்ணனையாளர் 'ஸ்கெல்பி' என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் நான் பிரேக் போட்டேன். வண்டியின் பின்னால் காலிப் பெட்டிகள் எல்லாம் முன்னால் வந்து மோதின.

அவன் கதவைத் திறந்து இறங்கினான். கடல் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான். நான் முதுகைத் தடவினேன். கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"போவோமா? உன்னத்தான் தேடுவாங்க" என்றேன்.

"இன்னும் ஒரு தடவ போய்ட்டு வருவோம் மச்சான்."

விசில் ஊதி முடிந்து, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி, அப்பா யாரோ முன்பின் தெரியாதவரின் தோளில் ஏறிய நேரத்தில் நாங்கள் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒருமுறை, "நான் இல்லாமயே முடிச்சுட்டானுங்க" என்றான். அதில் வருத்தம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் பாலத்தருகே கூட்டம் வண்டியை அடையாளம் கண்டுகொண்டது. கதவைத் திறந்து அவனை ஊன்றுகோலோடு அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் வாழ்நாளில் தரையில் கால் படாமல் போனது அந்த ஒரு தடவைதான். அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். வரியை மட்டும் மாற்றியிருந்தார்கள்: "எங்கள எறக்குன ரஸ்ஸு, ஏத்தியும் விட்ட பாஸு." ஜனீன் பெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று, "மெல்ல! முழங்காலு! டேய், முழங்காலு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

முழங்கால் ஆறியதும் தபால்காரன் வேலைக்குச் சேர்ந்தான். நடக்கிற வேலை. பயிற்சியாளராக வரச் சொல்லிப் பார்கின் கேட்டார், ஓரத்தில் நின்று பார்க்க என்னால் ஆகாது என்றுவிட்டான். வீட்டை விலைக்கு வாங்கிவிட்டார்கள். அவன் மட்டும் வருடா வருடம் தெருக்களை மாற்றிக் கேட்கிறான். மேலதிகாரி ஏனென்று கேட்டால், "இந்தத் தெரு நாயெல்லாம் பழகிடுச்சு சார்" என்பானாம். மே மாதம் வந்தால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஜனீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "போ, கடற்கரையில போய் ஒரு ஓட்டம் ஓடிட்டு வா" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள். கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் ஓடுகிறான். நாயோடு நடக்க வருபவர்கள் நின்று பேச்சுக் கொடுத்தாலும் நிற்பதில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டு அலை ஓரமாகப் போய்விடுகிறான்.